கிளட்ச் இல்லாத வீதி

ஜெகதீசனின் இடது காலுக்கு வேலை இல்லாமல் போன நாளில்தான் நாச்சிமுத்துவுக்குத் தூக்கம் போயிற்று என்று எங்கள் கருப்பராயன் கோயில் வீதியில் சொல்வார்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை. நாச்சிமுத்து அக்காளைக் கட்டியவர், ஜெகதீசன் தங்கையைக் கட்டியவர். மற்ற ஊர்களில் சகலை என்பார்கள், கோயமுத்தூர்ப் பக்கம் நாங்கள் சட்டகர் என்போம். எப்படிச் சொன்னாலும், ஒரே மாமனார் வீட்டுப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, அடுத்த இலையில் எவ்வளவு நெய் விழுகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே தலை நரைக்கிற உறவு அது. அப்படிப் பார்த்தவர் நாச்சிமுத்து மட்டும்தான். ஜெகதீசன் தன் இலையைப் பார்த்துச் சாப்பிடுவார்.

அந்த ஜெகதீசன் ஒரு ஆடி நோம்பிக்குக் கிளட்ச் இல்லாத காரில் வந்து இறங்கினார். கியர் போட வேண்டியதில்லை, மேடு வந்தால் மேட்டுக்கு, பள்ளம் வந்தால் பள்ளத்துக்கு அதுவே பார்த்து மாற்றிக்கொள்ளும், இடது காலைச் செருப்பிலிருந்து உருவி ஓரமாக நீட்டிப் போட்டுவிடலாம், "நமக்கென்னங்ணா, உக்காந்தாப் போதும், அது பாத்துக்கும்" என்று அவர் சொல்லச் சொல்ல மாமனார் வீடே அந்தக் காலை எட்டிப் பார்த்தது. அன்று எல்லோரையும் மருதமலைக்கு ஏற்றிப்போய் இறக்கினார். நாச்சிமுத்து தன் பழைய வேனில், வளைவுக்கு வளைவு கியர்க் கம்பியோடு மல்லுக்கட்டி, பின்னால் தனியாகப் போய்ச் சேர்ந்தார். காரிலிருந்து இறங்கிய அவர் மனைவி சுலோச்சனா சேலையைச் சரிசெய்துகொண்டே, "நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள். இந்த ஒரு வார்த்தையை நாச்சிமுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, தலைமாட்டில் வைத்துக்கொண்டு, பல நாள் தூங்காமல் கிடந்தார்.

ஏனென்றால் இதில் ஒரு பழைய முள் இருந்தது. ஜெகதீசன் வீட்டார் முதலில் பெண் பார்க்க வந்தது சுலோச்சனாவைத்தான். காப்பி குடித்தார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள், ஜாதகம் சேரவில்லை என்று போனார்கள், சுலோச்சனாவை நாச்சிமுத்து கட்டிக்கொண்ட பிறகு திரும்பி வந்து தங்கை அம்சவேணியைக் கட்டிக்கொண்டு போனார்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் நாச்சிமுத்துவுக்கு மட்டும், அன்று காப்பித் தட்டை நீட்டிய சுலோச்சனா அந்த மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தாளா, பார்த்து மனதுக்குள் ஒரு சம்மதம் சொல்லியிருந்தாளா, சொல்லியிருந்தால் அது இன்னும் உள்ளே கிடக்கிறதா என்கிற கேள்வி ஆறவே இல்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் சாகக் கூடாது என்றும், தெரிந்துகொண்டால் அன்றைக்கே செத்துவிடுவோம் என்றும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டிருந்த மனுசன் அவர். பெண்டாட்டியிடம் நேரே கேட்கலாம்தான். அதற்கெல்லாம் ஒரு கிளட்ச் இருக்கிறது இல்லையா, மனசு எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் வாய்க்கு வராமல் மிதித்துப் பிடித்துக்கொள்ள. நாச்சிமுத்துவின் கால் வாழ்நாள் முழுக்க அதன் மேலேயே இருந்தது.

பிறகு ஒரு வருசம் அந்தக் கார் மக்கர் செய்தது. என்ஜின் உறுமும், வண்டி நகராது. பாவம், ஜெகதீசன் பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புது எண்ணெயெல்லாம் ஊற்றிப் பார்த்தார், பிடிக்கவில்லை. ஷெட்டில் விட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். இதைக் கேட்டதும் நாச்சிமுத்து, "எங்கூட்டுக்கு இழுத்துட்டு வாங்க ஜெகதீசு, கியர்பாக்ஸ நானே எறக்கித் தர்றேன். அதுக்கப்பறம் ரிப்பேருக்குக் குடுத்துக்கலாம்" என்றார். என்ன பெரிய மனசு என்று மாமியார் கண் கலங்கினாள். பெரிய மனசெல்லாம் இல்லை என்பது எதிர்வீட்டுக்காரனான எனக்குத் தெரியும். சட்டகரைப் பெரிய மனுசனாக்கிய அந்தக் கியர்ப் பெட்டி, தன் வீட்டு வாசலில், தன் காலடியில், சாக்கின் மேல் மல்லாந்து கிடப்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

நாச்சிமுத்து பம்புசெட்டு மோட்டார் கழற்றிக் காயில் கட்டுகிறவர். கியர்பாக்ஸ் அவருக்குப் புதிது, ஆனால் ஸ்பேனருக்கு எல்லா போல்ட்டும் ஒன்றுதான் என்று போனில் வீடியோ பார்த்து இறங்கிவிட்டார். காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பேட்டரி ஒயரைப் பிடுங்கி, போர்டிகோவின் இரும்பு உத்தரத்தில் செயின் புல்லியைக் கட்டி என்ஜின் சாயாதபடி தொங்கவிட்டு, மல்லாந்து படுத்து அடியில் போய் முதல் காரியமாக எண்ணெய் வடிக்கும் திருகைத் திறந்தார். வந்தது பாருங்கள், குங்குமத்தைக் கரைத்தது மாதிரி செக்கச் செவேலென்று. அவர் வைத்திருந்த வாளி நிறைந்து, இன்னும் வடிந்துகொண்டிருக்க, எழுந்து ஓடி அடுப்படியில் கைக்கு அகப்பட்ட எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து பிடித்தார், அதுவும் நிறைந்ததும் கால் பட்டுச் சிந்திவிடக் கூடாதே என்று காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்துவிட்டு மறுபடி அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அதே காலையில் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்காவின் மகன் தினேஷ் கல்யாணம் முடிந்து பெண்ணோடு வந்து இறங்கினான். ஆலாத்தி எடுக்க வேண்டியவள் சுலோச்சனா. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து அவளும் ஒரு எவர்சில்வர் தட்டை அதே சுவர் மேல்தான் வைத்திருந்தாள். மேளம் அடித்தார்கள், வெடி போட்டார்கள், ஜவ்வாதும் மல்லிகையும் புகையும் கலந்து யார் மூக்கும் வேலை செய்யவில்லை, "எடு எடு, நேரமாச்சு" என்று பாப்பாத்தியக்கா கத்த, சுலோச்சனா கைக்குக் கிடைத்த சிவப்பை எடுத்து மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சுற்றி, அதில் விரலைத் தொட்டு இரண்டு பேர் நெற்றியிலும் வைத்து, பக்கத்தில் நின்ற பாப்பாத்தியக்காவுக்கும் ஒரு பொட்டு வைத்து, மீதியை முறைப்படி நடுவீதியில் கொட்டினாள். அது தண்ணீர் மாதிரி சிதறவில்லை. மெதுவாகப் படர்ந்து, வீதியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நாச்சிமுத்து வீட்டு கேட்டை ஒட்டியபடி படுத்துக்கொண்டது. நல்ல ஆலாத்தி சுவர் மேலேயே இருந்து, மத்தியான வெயிலில் காய்ந்தது.

உள்ளே போய்ப் பாலும் பழமும் கொடுத்தார்கள். புதுப்பெண் கார்த்திகா டம்ளரை வாங்கிக்கொண்டு, தலை குனிந்தபடியே, "உங்க மகளோட காதுல கெடக்கற தோட்டப் பாத்ததுல இருந்து எனக்கு வயிறு காந்துதுங்கத்தெ. முகூர்த்தத்துல மந்திரம் கூடக் காதுல ஏறல, தோடுதான் தெரிஞ்சுது" என்றாள். பாப்பாத்தியக்கா வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே, "எனக்கு உன்ற பல்வரிசையப் பாத்தாக் காந்துது கண்ணு. இந்த மாதிரி பல்லு எனக்கு இருந்திருந்தா என்ற மாமியா என்னைய வாயத் தொறந்து சிரிக்க உட்டிருப்பா" என்றாள். தினேஷ் இரண்டு பேரையும் பார்த்து, "அம்மா அவளுக்குப் பழத்த உரிச்சுக் குடுக்குது, எனக்குக் குடுக்கல" என்றான். பிறகு மூன்று பேரும் பால் குடித்தார்கள்.

சாயங்காலத்துக்குள் வீதிக்கே விசயம் விளங்கிவிட்டது. கண்ணேறு கழிக்க எடுக்கிற ஆலாத்தி, அடுத்தவர் வயிற்றெரிச்சலை எடுத்து வீதியில் கொட்டும். இது எடுக்கவில்லை, அவரவர் உள்ளே இருந்ததை அவிழ்த்து விட்டுவிட்டது. பொட்டு வைத்துக்கொண்டவர்களை மட்டுமா, அந்தச் சிவப்பை மிதித்தவர்கள் எல்லோரையும். மிதித்த காலை எடுப்பதற்குள் யார் மேல் என்ன பொறாமையோ அது வாயில் வந்துவிடும். அந்தக் கார்ப் பெட்டியில் கிளட்ச் மிதி கிடையாதல்லவா, அதன் எண்ணெயும் அப்படித்தானே இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள், அதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை. பால்காரர் மிதித்து, அடுத்த லைன் பால்காரருடைய எருமையின் மடியைப் பற்றிச் சொன்னார். கரண்டு கணக்கெடுக்க வந்தவர், உட்கார்ந்து வேலை பார்க்கிற தன் ஆபீசருடைய நாற்காலியைச் சொன்னார். கருப்பராயன் கோயில் பூசாரி, மெயின் ரோட்டு மாரியம்மனுக்குக் கூடுகிற கூட்டத்தைச் சொல்லிவிட்டு, "எங்க சாமிக்கும் அதே காந்தல்தானுங்க, வெளிய காட்டிக்கறதில்ல" என்றார். பசு மாடு மிதித்துப் போயிற்று, ஒன்றும் ஆகவில்லை. நான் மிதித்து என்ன சொன்னேன் என்பது உங்களுக்கு வேண்டாம், கேட்க வேண்டியவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

முதலில் கொஞ்சம் முகம் சுளித்தோம், இரண்டு வீட்டில் கொடுக்கல் வாங்கல் கூட நின்றது, பிறகு அதுவும் பழகிவிட்டது. மழைக்கு ஒதுங்குவது மாதிரி, வீதிக்குள் வருகிறவர் கறையைத் தாண்டியதும் ஒரு நிமிசம் நின்று தன் காந்தலைச் சொல்லி முடிக்கட்டும் என்று எதிராளி காத்திருப்பதும், சொல்லி முடித்த பிறகு வந்த வேலையைக் கேட்பதும் மரியாதை ஆயிற்று. சீயக்காய், மரத்தூள், ப்ளீச்சிங் பவுடர் எல்லாம் போட்டுப் பார்த்தார்கள், பவுடர்தான் சிவந்தது. பெருமழை பெய்து வாசல் கோலமெல்லாம் கரைந்து ஓடிய நாளிலும் கறை அலம்பிவிட்ட மாதிரி பளிச்சென்று கிடந்தது. பெண் பேச வருகிற தரகர்கள் இரண்டு வீட்டாரையும் நைசாக இந்தப் பக்கம் நடத்திக் கூட்டிப்போனார்கள். பங்காளிகள் சொத்துப் பிரிப்பதற்கு முன்னால் வந்து ஒருமுறை மிதித்துவிட்டுப் போனார்கள். தார் ரோடு போட்டால் மூடிவிடலாம் என்று கவுன்சிலரிடம் கேட்டோம். அவர் வீதி முனை வரைக்கும் வந்து, காரை விட்டு இறங்காமல், பக்கத்து வார்டுக்காரர் கட்டின மாடியை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, போனில் பேசிக்கொள்ளலாம் என்று திரும்பிப் போய்விட்டார்.

இத்தனை பேர் பேசின வீதியில் பேசாதவர்கள் இரண்டே பேர். நாச்சிமுத்து வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பொடக்காலிக் கதவைத் திறந்து, துணி துவைக்கிற கல்லைத் தாண்டி, சாக்கடைச் சந்து வழியாகத்தான் வெளியே போய் வந்தார். கேட்டைத் தாண்டுவதே இல்லை. சுலோச்சனா கேட்டுக்கு உள்ளேயே கோலம் போட்டாள், அவளுக்குப் பால் பாக்கெட்டைச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போனார்கள். "நாச்சிமுத்தண்ணன் ஒருநா மிதிச்சார்னா வீதியே காது குளுந்து கேக்கும், அத்தன வருசச் சரக்கு இருக்குது" என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவள் ஏன் மிதிக்கவில்லை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பொம்பளைக்கு என்ன இருக்கப்போகிறது என்று நினைத்திருப்போம்.

பெட்டி என்ன ஆயிற்று என்கிறீர்களா? அன்றைக்கே இறக்கியாயிற்று. சக்கரத்துக்குப் போகிற அச்சுகளை உருவி, ஒயர்களைப் பிரித்து, சுற்றிலும் போல்ட்டுகளைக் கழற்றி, ஜாக்கியின் தலையில் பெட்டியை உட்கார வைத்து இஞ்சு இஞ்சாகக் கீழே விட்டபோது நாச்சிமுத்துவின் முகத்தில் இருந்த சந்தோசத்தைச் சுலோச்சனா கல்யாணத்தன்று கூடப் பார்த்ததில்லை என்றாள். சாக்கின் மேல் கிடந்தது. சும்மா கிடந்தது. ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அதையே பார்த்தார், காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார், ஒன்றும் தோன்றவில்லை என்று எங்களிடம் குறைபட்டுக்கொண்டார். ஆனால் ரிப்பேருக்கு அனுப்பவும் இல்லை. சாமான் வரவேண்டும், ஆள் ஊரில் இல்லை, மழை விடட்டும் என்று ஒவ்வொரு சாக்காகச் சொல்லிக் காரை ஸ்டாண்டிலேயே வைத்திருந்தார், ஜெகதீசன் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து இறங்குகிற அழகைப் பார்க்க வேண்டுமே, அதற்காக.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த ஜெகதீசன் கறை இருப்பது தெரிந்தும் சுற்றிப்போகச் சோம்பல்பட்டு நேராக மிதித்துவிட்டார். நாச்சிமுத்து கேட்டுக்கு உள்ளே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஜெகதீசன் நின்று, வானத்தைப் பார்த்து, "உங்களுக்கு ஒரு பொருளக் கழட்டத் தெரியுதுங்ணா, அதுதான் எனக்குக் காந்தல். காரு அதுவா ஓடுது, நூல் யாவாரம் எங்கப்பன் வெச்சுட்டுப் போனது அதுவா ஓடுது, நான் உக்காந்துதான் இருக்கறேன்" என்றார். நாச்சிமுத்து இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். வேறொன்றும் வரவில்லை. "அவ்வளவுதானா?" என்றார். "அவ்வளவுதானுங்ணா, காப்பி குடுங்க" என்றார் ஜெகதீசன்.

சட்டகர் தன்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார், வேறு மனுசனாக இருந்தால் அன்றைக்கு மோர் குடித்துக் குளிர்ந்திருப்பான். நாச்சிமுத்துவுக்கு அவமானமாக இருந்தது. இத்தனை வருசம் நான் என் பெண்டாட்டி, உன் கார், உன் கால் என்று வெந்துகொண்டிருக்க, உனக்கு என்னிடம் கண்ணில் பட்டது ஒரு ஸ்பேனரா? சுலோச்சனாவைக் கட்டாமல் விட்டோமே என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லையே என்று கோபம் வந்தது, வந்திருந்தால் கொன்றிருப்போமே என்றும் தோன்றியது. ஆக அவன் பக்கம் ஒன்றுமில்லை. அப்படியானால் அவள் பக்கம்? அந்தக் கேள்வியோடு ஒரு வாரம் பொறுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பாப்பாத்தியக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருக்க, நான் வண்டி துடைத்துக்கொண்டிருக்க, நாச்சிமுத்து வீட்டு கேட்டு அகலத் திறந்தது.

"வாயேன், முன்னால நின்னு வீதியப் பாத்து எத்தன நாளாச்சு" என்று அவர் கூப்பிட்டது எங்களுக்கே கேட்டது. சுலோச்சனா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டருகில் நின்றாள். கறையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நான் மிதிக்கோணும், அதுக்குத்தானுங்க?"

"மிதிக்கோணும்னு ஆரு சொன்னா. உனக்கு இஷ்டம் இல்லீன்னா வேண்டாம்."

"எனக்கு இஷ்டந்தானுங்க. நீங்க கேட்டப்பறம் மிதிக்கலாம்னு இருந்தேன். நீங்க இப்பத்தான் கேட்டீங்க" என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு நடுக்கறையில் போய் நின்றாள். நாச்சிமுத்து கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பாப்பாத்தியக்கா கீரையை வைத்துவிட்டாள்.

"எனக்கு ஜெகதீசன் மேல வயித்தெரிச்சலுங்க" என்றாள் சுலோச்சனா. "அம்சவேணி மேல இல்ல, அந்தக் காரு மேல இல்ல, அவரு மேலதான். காத்தால எந்திரிச்சா ஜெகதீசன் என்ன பண்றான், சோத்துல உக்காந்தா ஜெகதீசன் என்னத்தத் தின்னான், நான் ஒரு புதுச் சீலையக் கட்டிட்டு வந்து நின்னா, இதப் பாத்து ஜெகதீசன் என்ன நெனைப்பான், இதுதான் உங்க ரோசனை. அன்னிக்குப் பொண்ணு பாக்க வந்தாரே, அவரு மூஞ்சி கூட எனக்கு நெனப்பில்லீங்க. நானு தட்டத்தான் பாத்துட்டிருந்தேன், காப்பி சிந்தீரும்னு. நீங்கதான் அந்த மூஞ்சிய நம்மூட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சு இத்தன வருசமாப் பாத்துட்டிருக்கீங்க. ஒரு மனுசனால இன்னொருத்தரையே இத்தன நேரம் நெனைக்க முடியும்னு உங்களப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். என்னைய நெனைச்சதக் காட்டியும் அவரைய நெனைச்சதுதான் சாஸ்தி. அவரு பாட்டுக்கு அவரு சோத்தத் தின்னுட்டுப் போறாரு, நானு பக்கத்துலயே இருந்துட்டு எடம் கெடைக்காம நிக்கறேன். அந்த நெனப்புல கொஞ்சமாச்சும் எனக்குன்னு இருந்திருந்தா."

அதோடு நின்றுவிட்டது. இப்படி ஒரு காந்தலை அந்தக் கறை அதுவரை கேட்டதில்லை.

நாச்சிமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, வேண்டியதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. அவள் எவனையும் நினைக்கவில்லை, அவரைத்தான் நினைத்திருக்கிறாள், அவர் நினைப்பில் ஒரு ஓரம் கிடைக்காதா என்று காத்துக்கொண்டு அடுப்படியில் நின்றிருக்கிறாள். நீதான் சுலோச்சனா, எனக்கு எப்பவும் நீதான், என்று அவளிடம் சொல்ல வேண்டும், அதையும் வெறும் வாய்ப்பேச்சாக நினைத்துவிடாதபடி சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்தக் கறையில் நின்று சொன்னால் பொய் வராது என்பது ஊரறிந்த விசயம். ஆகவே அத்தனை மாதம் சந்து சந்தாகத் தப்பித்து நடந்த மனுசன், கேட்டுக் கம்பியை விட்டுவிட்டு, இரண்டு காலையும் தூக்கிச் சிவப்பில் வைத்து, பெண்டாட்டிக்கு எதிரே, அவள் முகத்துக்கு நேராக நின்று வாயைத் திறந்தார்.

"இது ஜெகதீசனுக்குத் தெரியுமா?" என்று வந்தது.

வாயைப் பொத்திக்கொண்டார். வந்தது வந்துவிட்டது. சுலோச்சனாவுக்குக் கோபம் கூட வரவில்லை.

"நீங்களே போன் போட்டுக் கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் கை அதற்கு முன்னாலேயே சட்டைப்பைக்குள் போய்விட்டிருந்தது.